கால் முறிவுக்கு மாவுக்கட்டு போட்ட மறுநாள் வலி ஏறுகிறது, காலை வரை பார்க்கலாமா?

தோட்டத்து அக்கா:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தம்பிக்கு நேற்று டிரெய்லரில் இருந்து செம்பனைக் குலை சரிந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தோல் கிழியவில்லை. கட்டு போட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இன்று சாயங்காலம் முதல் வலி கூடிக்கொண்டே போகிறது, 6 மணி மாத்திரை கேட்கவில்லை. விரல்கள் வீங்கினாலும் சிவப்பாக, சூடாகத்தான் இருக்கின்றன. அம்மா எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார். காலை வரை பொறுக்கலாமா?

எலும்பு வார்டு:
வேண்டாம் தங்கச்சி, இப்போதே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 999.

கட்டு போட்ட பிறகு வலி குறைந்துகொண்டு வரவேண்டும். மாத்திரைக்கும் மசியாமல் ஏறினால், உள்ளே தசையில் அழுத்தம் கூடுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் மடக்கிப் பாருங்கள். கெண்டைக்காலிலோ முன்காலிலோ உயிர் போகிற மாதிரி வலித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. வலிக்காவிட்டாலும் போகத்தான் வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உருவ வேண்டாம். சாப்பாடு, தண்ணீர் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். எக்ஸ்ரே, மாத்திரை அட்டை, கடைசியாக மாத்திரை கொடுத்த நேரம் மூன்றும் கையோடு இருக்கட்டும்.

ஈப்போ வாசி:
போகிற வழியில் காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வையுங்கள், வீக்கம் இறங்கும்.

எலும்பு வார்டு:
அண்ணே, சாதாரண வீக்கத்துக்கு அது சரி. இங்கே நெஞ்சு மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. தூக்கினால் காலுக்கு இறங்குகிற ரத்தத்தின் அழுத்தமும் குறைந்து, ஏற்கெனவே திணறுகிற தசை இன்னும் பட்டினி கிடக்கும்.

விரல் சிவப்பாக இருக்கிறது, நாடி துடிக்கிறது என்பதை வைத்தும் ஏமாறக்கூடாது. முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில், நீளாத உறைக்குள் இருக்கின்றன. உள்ளே ரத்தம் கசிந்து வீங்கினால் முதலில் நசுங்குவது நுண்குழாய்கள்தான். பெரிய நாடி கடைசி வரை ஓடும். நாடி நின்ற பிறகு போனால் தசை பெரும்பாலும் செத்திருக்கும். ஏறக்குறைய 6 மணி நேரம் ரத்தம் போகாவிட்டாலே மீளாத சேதம் தொடங்கிவிடும்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை மாவுக்கட்டைப் பிளப்பது. மாவை மட்டும் வெட்டினால் போதாது, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரிகிற வரை வெட்டச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஊசி வைத்து அழுத்தம் அளப்பார்கள். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் அதற்கும் இடைவெளி 30க்குக் கீழே இறங்கினால் ஆபரேஷன் தியேட்டர்தான். அறிகுறி தெளிவாக இருந்தால் அளக்காமலே கொண்டுபோவார்கள். இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, நான்கு அறைகளையும் திறந்துவிடுவார்கள். புண்ணை உடனே தைக்க மாட்டார்கள், பார்த்துப் பயப்பட வேண்டாம். 2 நாள் கழித்துத் திரும்பப் பார்த்து மூடுவார்கள், தோல் எட்டாவிட்டால் தொடையிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள்.

சிறுநீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் வந்தால் உடனே சொல்லுங்கள். செத்த தசையின் சாயம் கிட்னியைக் கெடுக்கும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ அதையும் சொல்லுங்கள், முறிவுக்குப் பின் முதல் 3 நாளுக்குள் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு நுரையீரலுக்கு ஏறக்கூடும்.

மண்டோர் மகன்:
வேலை நேரத்தில் நடந்ததால் பெர்கெசோ (தொழிலாளர் காப்புறுதி) பணம் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் புகார் அனுப்ப வேண்டும், நாளை காலையிலேயே ஆபீசில் கேளுங்கள். எம்.சி. தாள்களை (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று) தொலைத்துவிடாதீர்கள், வேலைக்குப் போகாத நாள் பணம் அதை வைத்துத்தான்.

தோட்டத்து அக்கா:
விரலை மேலே மடக்கியதும் கத்திவிட்டான். கிளம்புகிறோம்.