புதுப்பிப்பு: தேத்தண்ணி ஊற்றுவது பற்றி இன்னும் கொஞ்சம்

தேயிலையைத் தண்ணியோடு சேர்த்து அடுப்பில் காய்ச்சாதீர்கள், கொதித்த தண்ணியை அதன்மேல் ஊற்றி மூடி வையுங்கள் என்று போன கிழமை எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: கொழும்பில், வெள்ளவத்தையில் ஊற்றினால் தெளிவாக இருக்கும் அதே தேயிலை, யாழ்ப்பாணத்து வீட்டில் ஏன் கலங்கி மேலே ஆடை கட்டுகிறது?

தேயிலையில் பிழை இல்லை, தண்ணிதான். கொழும்புக்குக் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது மென்மையான தண்ணி. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பதால் அந்தத் தண்ணியில் கல்சியம் கூட, அது சாயத்தோடு சேரும்போதுதான் ஆடை வருகிறது. கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள், ஆடை குறையும், நிறமும் வெளிக்கும்.

அளவு கேட்டவர்களுக்கு: 100 மில்லிலீற்றர் தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரம். ஆனால் அது தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவை பார்ப்பதற்கான முறை. வீட்டுக்கு நாங்கள் வாங்கும் தேயிலைத் தூளின் துகள்கள் சிறியவை என்பதால் சாயம் சீக்கிரம் இறங்கிவிடும், 3 நிமிடம் தாராளம், அதற்கு மேல் விட்டால் கயர்க்கும்.

அப்புறம் பால். நுவரெலியாத் தேயிலைக்குப் பால் ஊற்றுவதில் எனக்குச் சம்மதமே இல்லை, அந்த மெல்லிய வாசம் அப்படியே அமுங்கிப் போகும். பால் வேண்டுமென்றால் தெற்கில், தாழ்நிலத்தில் விளையும் ருகுணுத் தேயிலையை வாங்குங்கள், அதன் கடுஞ்சாயம் பாலுக்குத் தாங்கும்.