நான்கு விரல் இடுக்கு வழியாக அம்பு எய்ய முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கிளாஸ்கோவில் படிக்கும் என் மகள், ஸ்காட்லாந்தின் கார்லாவெராக் கோட்டையில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாள். மதிலில் உள்ள அம்புத்துளை வெளியே நான்கு விரல் அகலம்கூட இராது போலிருக்கிறது. பாலக்காட்டுக் கோட்டையின் பருத்த கொத்தளங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஆளுயர வில்லை வைத்துக்கொண்டு அதன் வழியே எப்படிக் குறிபார்த்தார்கள் என்பது விளங்கவில்லை.

சித்தூர் கொத்தனார்:
ஐயா, வில்லைத் துளைக்குள் நுழைப்பதில்லை. மதிலின் உட்புறத்தைப் புனல்போல் அகலமாகக் குடைந்து, அந்த மாடத்தில் சற்றுப் பின்வாங்கி நின்று எய்வார்கள். நெடுவில்லைச் செங்குத்தாகப் பிடிப்பதால் துளைக்கு உயரம் போதும், அகலம் வேண்டியதில்லை. படுக்கையாகப் பிடிக்கும் குறுக்குவில்லுக்குத்தான் உள்ளே பக்கவாட்டில் இடம் தேவை. வீட்டுக் கதவை நான்கு விரல் திறந்து, மூன்றடி பின்னால் நின்று இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். மதில்மேல் மறைந்து நின்று அம்பெய்யும் இடத்தைச் சங்கப் பாடல்கள் ஞாயில் என்கின்றன. ஆகவே எண்ணம் நமக்கும் பழையதுதான்.

கொல்லங்கோடு வாசகி:
சித்தூர் அண்ணா சொல்வது சரி, ஆனால் அம்புத்துளையின் வலிமையை மிகைப்படுத்த வேண்டாம். ஏணி சாத்தி ஏறுபவனை அது தடுக்கும். கல்லெறி பொறியை என்ன செய்யும்? 1300 ஜூலையில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு பெரும்படையுடன் இதே கார்லாவெராக்குக்கு வந்தபோது, முக்கோண மதிலும் அகழியும் இருந்தும், உள்ளேயிருந்த அறுபது பேர் அளவிலான காவற்படை விரைவில் பணிந்துவிட்டது. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸோ, ஆங்கிலேயரிடமிருந்து மீட்ட கோட்டைகளை எதிரிக்குப் பயன்படாதபடி தாமே இடித்துத் தள்ளினார், அது எனக்கு மதிலைவிடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. பின்னர் பீரங்கி வந்தது. 1455-இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் முற்றுகையிட்ட, அந்நாட்டின் திரீவ் கோட்டையில், அதற்குச் சற்று முன்புதான் துப்பாக்கித் துளைகளுடன் புதுமதில் எழுப்பியிருந்தார்கள். 1766-இல் ஹைதர் அலி கட்டிய நம் பாலக்காட்டுக் கோட்டை முழுக்கப் பீரங்கிக் காலத்தது என்பதால்தான் கொத்தளங்கள் அவ்வளவு பருமன். அதை 1783-இல் பிடித்த ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் ஃபுல்லார்டனும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான்!

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இருவருக்கும் நன்றி. காலையில் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, தூக்குப் பாத்திரத்தைக் கழற்றி, படியேறி வந்தது வரை எனக்குத் தெரிந்தது. அவரோ வீட்டில் ஆளில்லை என்றெண்ணி மூன்று முறை மணியடித்துவிட்டார்.