மருத்துவமனை விளையாட்டு அறை: மனதை விட்டுப் போகாத குழந்தை யார்?

மல்லிகைப்பந்தல்
சென்னையில் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் விளையாட்டுத் தன்னார்வலராக இருக்கிறேன். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடுவது உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் குழாய்) போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்தாள். பொம்மையின் கையைத் தட்டி நரம்பு தேடினாள். பஞ்சால் துடைத்தாள். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக் காற்றுகூட எடுத்தாள். அப்புறம் பொம்மையின் காதருகே குனிந்து, "கத்துனேன்னா உங்கம்மாவ வெளிய அனுப்பிடுவேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. நான் அம்மா பொம்மை ஒன்றை நீட்டினேன். வாங்கி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

தேம்ஸ்கரைக்காரன்
இதைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமலா வந்தீர்கள்? அம்மாவைக் காட்டி மிரட்டுவதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் இதே விளையாட்டு வேலைதான் செய்கிறேன், ஆனால் பிரிட்டனில், சம்பளத்துக்கு. 1959-இல் மருத்துவமனையில் குழந்தைகள் நலன் பற்றிய பிளாட் அறிக்கை வரும்வரை இங்கும் பெரும்பாலான இடங்களில் பெற்றோரைப் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே விட்டார்கள். பல மருத்துவமனைகள் அதன் பிறகும் எளிதில் மாறவில்லை. இன்று விளையாட்டு அறைக்குள் ஊசி வரக் கூடாது என்பது கறாரான விதி. ஒரு டாக்டர் அவசரத்தில் டிரேயோடு உள்ளே வந்தபோது, வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பையன் எழுந்து கதவைக் காட்டினான். டாக்டர் திரும்பிப் போனார். அந்தப் பையனை மறக்கவே முடியாது.

கீழத்தெரு அம்மா
தேம்ஸ்கரை தம்பி, இங்கே ராத்திரி ஷிப்டில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலுக்கு ஓடுகிறார் என்று தெரியுமா? என் மகனோடு வார்டில் இருந்தவள் சொல்கிறேன். கையை அழுத்திப் பிடித்தபோது நானும் அதே மிரட்டலைத்தான் அவனிடம் சொன்னேன், வேறு வார்த்தை வரவில்லை. மல்லிகை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த முறை நம்ப மாட்டார்கள். மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவச் சொல்லுங்கள், கடைசி நிமிஷத்தில் தடவிப் பயனில்லை. சோப்பு நுரைக் குமிழி ஊத விடுங்கள், ஊதும்போது மூச்சும் உடம்பும் தளரும். எந்தக் கையில் குத்தலாம் என்று முடிந்தால் பிள்ளையையே கேளுங்கள். துணி பொம்மை வேண்டாம், கீமோ பிள்ளைகளுக்குக் கழுவித் துடைக்கிற பிளாஸ்டிக்தான் சரி. ஒரு குழந்தை விளையாடி வைத்ததைத் துடைக்காமல் அடுத்ததற்குக் கொடுக்காதீர்கள்.

மல்லிகைப்பந்தல்
சிஸ்டரிடம் அன்றே சொன்னேன், தேம்ஸ்கரை. அவர் கோபப்படவில்லை. "இங்க எல்லாரும் சொல்றதுதான், பெத்தவங்க உட்பட. அதுக்குப் பதிலா நான் என்ன சொல்லட்டும்?" என்று என்னையே கேட்டார். நீளமாக வேண்டாம், பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று வாயில் வர வேண்டும்.

தேம்ஸ்கரைக்காரன்
"கத்தலாம், கை மட்டும் ஆடக் கூடாது." நாங்கள் சொல்வது இதைத்தான். முதலில் பொம்மையிடம் சொல்லிப் பாருங்கள், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது.