1930களின் சொகுசு ரயிலில் ஒரு கொலை: கதை ஒட்டுமா?

கேள்வி (கதைப்பித்தன்): சிம்ப்ளான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ், பாரிஸிலிருந்து இஸ்தான்புல் போகிறது. படுக்கைப் பெட்டியில் ஒருவர் கொலை. உடைந்த கைக்கடிகாரம் 12.30 காட்டுகிறது. கொலையாளி நடைவழியாகத் தன் கூபேக்கு (பெட்டிக்குள் உள்ள தனி அறைக்கு) திரும்புகிறான், யாரும் பார்க்கவில்லை. துப்பறிபவர் இதை எங்கே பிடிப்பார்?

தண்டவாளம்: நடைவழியிலேயே பிடித்துவிடுவார். 1929இல் வந்த எல்எக்ஸ் ரகச் சொகுசுப் படுக்கைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தே கூபே, எல்லாம் ஒரே பக்கம். மறுபக்கம் நீள நடைவழி. அதன் கோடியில் மடக்கு இருக்கையில் கண்டக்டர். கழிப்பறையும் கோடியில்தான், கூபேக்குள் முகம் கழுவும் தொட்டி மட்டும். ஆக, அவர் கண்ணில் படாமல் நடமாட முடியாது. மணியடித்து அவரை ஒரு கூபேக்குள் இழுக்கலாம், அதற்குக் கூட்டாளி வேண்டும். அடுத்தடுத்த கூபேக்களுக்கு நடுவே உள்ள கதவு இன்னும் நல்ல வழி. அதற்கு இரு பக்கமும் தாழ் வையுங்கள்: செத்தவர் பக்கத் தாழை நீக்கியது யார்? கதையே அங்கேதான் இருக்கிறது.

நள்ளிரவு வண்டி: அந்த 12.30 எந்த நாட்டு 12.30? யூகோஸ்லாவியாவில் மத்திய ஐரோப்பிய நேரம், பல்கேரியாவில் கிழக்கு ஐரோப்பிய நேரம். கிழக்கே போகும்போது எல்லையில் முள்ளை ஒரு மணி முன்னே தள்ள வேண்டும். (பலர் இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.) செத்தவர் தள்ளவில்லை என்றால் கொலை நடந்தது பல்கேரிய நேரம் 1.30. 12.30க்குச் சீட்டாடிக்கொண்டிருந்ததாகச் சாட்சி வைத்திருப்பவனின் கதி அதோடு முடிந்தது. ஆனால் கொலைக்கு முன்பே வண்டி எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும், கால அட்டவணையை அதற்கேற்ப அமையுங்கள்.

இன்னொன்று: எல்லையில் பயணிகளை எழுப்பாதிருக்க, கடவுச்சீட்டுகளைக் கண்டக்டர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார். உங்கள் துப்பறிபவர் யாரையும் விசாரிக்கும் முன்பே எல்லோருடைய கடவுச்சீட்டையும் புரட்டிவிடலாம்.

கதைப்பித்தன்: அபாயச் சங்கிலியை இழுத்துக் கொலையாளி இறங்கி ஓடினால்?

தண்டவாளம்: சங்கிலி இழுத்தால் பிரேக் குழாயின் காற்று வெளியேறி வண்டி நிற்கும். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று ஊழியர்கள் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் வண்டி நகரும், அதாவது பெட்டி தெரிந்துவிடும். குளிர்காலம் என்றால் பனியில் காலடித் தடம் வேறு. 1929இல் துருக்கியின் செர்கெஸ்கோய் பக்கம் இந்த ரயில் பனியில் நாள்கணக்கில் சிக்கி நின்றது. அப்படி நிறுத்தினால் ஓடவும் இடமில்லை. அவனை வண்டிக்குள்ளேயே வையுங்கள்.