புதுப்பிப்பு: பிரேக் ஆயில் மாற்றியதன் விளைவு

ஏற்காடு மலையிறக்கத்தில் என் காரின் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கியதால், பந்தயக் கார்களுக்கான விலையுயர்ந்த பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வகையை விட்டு ஆயிலின் வயதைப் பார்க்கச் சொன்ன யோசனையே பலித்தது. நான்கு ஆண்டுகளாக மாற்றாத ஆயில், கடலூர் மெக்கானிக் பிடித்த புட்டியில் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது. ஆயில் கொதித்தால் உண்டாகும் ஆவிக்குமிழ்களால்தான் மிதி பஞ்சுபோல் அமுங்கும். டாட் 4 என்னும் பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்றாலும், ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறையலாம். சாதாரண டாட் 4 ஊற்றிக் காற்றை நீக்கியபின், அதே இறக்கத்தில் மிதி கடைசிவரை கெட்டியாகவே இருந்தது. இம்முறை பிரேக்கின் சுமை குறைய இரண்டாம் கியரிலேயே இறங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்பாராதது ஒன்று: உப்புக்காற்றில் துருவேறியிருந்த பின்சக்கரக் காற்றுநீக்கும் திருகு முறிந்து, ஆயிலைவிட அதிகச் செலவு வைத்தது.