ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பார்க்கக் கற்பது எப்படி?

கேள்வி: பயிற்சி மருத்துவர், மண்டபம் வட்டாரம்

வணக்கம். கல்லூரியில் கண் பிரிவில் இருந்த நாள்களில் எல்லாவற்றையும் ஸ்லிட் லேம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகவே பார்த்துப் பழகிவிட்டேன். இங்கே என் கையில் இருப்பவை ஒரு டார்ச்சும், சுவரில் தொங்கும் ஸ்னெல்லன் அட்டையும் (பார்வை அளக்கும் எழுத்து அட்டை), பெட்டியில் கிடக்கும் சில ஃப்ளூரசின் சாயத் தாள்களும்தான். சென்ற வாரம், கரிமூட்டத்துக்கு விறகு வெட்டும் அம்மா ஒருவர், சீமைக் கருவேல முள் கீறி நான்கு நாள் ஆன சிவந்த கண்ணுடன் வந்தார். வலி குறையட்டும் என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை எழுதிவிட்டேன். மருந்தாளுநர் அக்கா சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கேட்ட பிறகே அதை அடித்துவிட்டு, அவரை ராமநாதபுரத்துக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. இருக்கும் கருவிகளை வைத்து நான் முதலில் எதைக் கற்க வேண்டும், எதை உடனே மேலே அனுப்ப வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: அரசு மருத்துவர், தொண்டி

தம்பி, அந்தச் சீட்டை அடித்தது அவருடைய கண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடும். முள், வைக்கோல், உமி போன்றவை கீறிய கருவிழியில் பியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் பற்றுவது தென்தமிழகத்தில் அடிக்கடி காண்பது. ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு வடிந்து குணமானதுபோல் தோன்றும். அதற்குள் பூஞ்சை ஆழத்துக்கு இறங்கிவிடும்.

அந்த ஃப்ளூரசின் தாளைப் பழகிக்கொள்ளுங்கள். நுனியை நனைத்துக் கீழிமையின் உட்புறம் தொட்டு, இமைக்கச் சொல்லி, நீல ஒளியில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும். வெறும் கீறல்தான், வெண்மை எதுவும் இல்லை என்றால் குளோராம்பெனிக்கால் 1% களிம்பை நாளுக்கு 3 வேளையாக 3 நாள் போடலாம். நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்கள் இதைத்தான் செய்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பைத் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. கண்ணைக் கட்டி அனுப்பாதீர்கள். மறுநாள் வரச் சொல்லிப் பாருங்கள். சாம்பல் வெண்மையாக ஒரு புள்ளி தெரிந்தாலும் அன்றே அனுப்புங்கள்.

தலைவலி, வாந்தியோடு ஒரு கண் சிவந்து, கருவிழி மங்கி, பாவை (கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளை) பாதி விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நின்றால் அது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிய நிலை. அதையும் பித்தம் என்று எண்ணித் தாமதிக்கக் கூடாது.

மறுமொழி: கண் மருத்துவ உதவியாளர், கீழக்கரை

டாக்டர், டார்ச்சை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். எழுதாத பார்வை, பிறகு குறைந்ததா கூடியதா என்று யாருக்கும் தெரியாது. 6/36 வரை மட்டும், அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும் படகுக்காரர், அட்டையில் குத்திய ஊசித்துளை வழியே 6/9 படித்தால் அவருக்குப் பெரும்பாலும் கண்ணாடியே போதும். துளை வைத்தும் தேறாவிட்டால் புரையா, விழித்திரையா என்று பார்க்க அனுப்ப வேண்டும். நாற்பதைத் தாண்டியவர் வலைக் கண்ணியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து முடிச்சுப் போட்டால், கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தாலே அவருடைய பிழைப்பு மீளும். கடல் வெயிலிலும் காற்றிலும் இருப்பவர்களுக்கு மூக்கோரம் வளரும் சதை பாவையை நெருங்காதவரை அவசரமில்லை.

பார்வை அளப்பதற்கும் முன்பே கழுவ வேண்டிய கண் ஒன்று உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் அமுக்கி, அது கண்ணில் தெறித்து வருவார்கள். 30 நிமிடமாவது விடாமல் கழுவி, மேலிமையைப் புரட்டி, ஒட்டியிருக்கும் துணுக்குகளைப் பஞ்சால் எடுத்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டிருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

உங்கள் அட்டைக்கும் நாற்காலிக்கும் இடையே 6 மீட்டர் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த அம்மாவின் கருவிழியைச் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெரிந்ததாகவும், மணிக்கொரு முறை நாடாமைசின் என்ற பூஞ்சைக்கான சொட்டு மருந்தை விட்டு வருவதாகவும் அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். அட்டையை இன்று டேப் வைத்து அளந்தேன். நான்கரை மீட்டர்தான் இருக்கிறது. நாளை காலை அதை மருந்தகத்துக்கு எதிரே உள்ள நீள வராந்தாவுக்கு மாற்றுகிறோம்.