புதுப்பிப்பு: 65 சதவீதப் பங்கு அடமானம்

டர்பனில் உள்ள எங்கள் நிறுவனத்தின் பங்குகளை அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் கடனுக்கு ஈடாக வைக்கிறது, அதில் ஏன் 65 சதவீதம் மட்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் வரம்பு என்று பலர் சொன்னீர்கள். இல்லை. காரணம் அமெரிக்க வரிச் சட்டத்தின் 956ஆம் பிரிவு. வாக்குரிமைப் பங்குகளில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஈடு வைத்து, துணை நிறுவனத்தின் கையைக் கட்டும் நிபந்தனைகளும் சேர்ந்தால், அந்தத் துணை நிறுவனமே ஜாமீன் நின்றதாகக் கருதித் தாய் நிறுவனத்துக்கு வரி வரலாம். அதற்குச் சற்றுக் கீழே நிற்பதுதான் 65. 2019இல் வந்த விதிகளுக்குப் பிறகு பெரும்பாலான கம்பெனிகளுக்கு இந்தப் பயம் குறைந்துவிட்டது. வழக்கறிஞர்கள்தான் பழைய வாசகத்தை விடுவதாக இல்லை.

எங்களை இழுத்தடித்தது வேறு. அசல் பங்குச் சான்றிதழும், பெறுபவர் பெயர் எழுதாமல் கையெழுத்திட்ட பங்கு மாற்றப் படிவமும் கடன் கொடுப்பவரிடம் போக வேண்டும். இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், நாட்டில் வசிக்காதவரின் பங்கு என்று வங்கி குத்தித்தர வேண்டிய முத்திரையே சான்றிதழில் இல்லை! யாரோ மறந்திருக்கிறார்கள் (நானாகவும் இருக்கலாம்). ஒரே சான்றிதழை 65, 35 என்று இரண்டாகப் பிரிக்கவும் வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் வங்கியில் முத்திரைக்காகக் காத்திருக்கின்றன. கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சான்றிதழை ஒப்படைக்க மட்டும் 30 நாள் அவகாசம் வாங்கியிருக்கிறோம்.